ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்: டிரெபிள் பூஸ்டர் பெடல் கட்டிய அனுபவம்

முதன்முதலாக ஒரு கிட்டார் பெடலைக் கையால் கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு கிட்டாரின் மேல்சுருதியை (டிரெபிள்) உயர்த்தித் தரும் டிரெபிள் பூஸ்டரைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது என் எண்ணம். மொத்தமே ஒரு டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர், நான்கு கெப்பாசிட்டர், ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் குமிழ், அவ்வளவுதான். சர்க்யூட்டைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும். ஆனால் அந்த ஒரு டிரான்சிஸ்டர், இன்றைய சிலிக்கானுக்குப் பதில் பழைய காலத்து ஜெர்மானியத்தால் ஆனதாக இருக்கும்போது வேலையில் முக்கால்வாசி அதைத் தேர்ந்தெடுப்பதிலும், அதற்குச் சரியான மின்னழுத்தம் வைப்பதிலும்தான் போகிறது. சால்டரிங், பெட்டியில் துளை போடுவது எல்லாம் அதற்கு அப்புறம். அதனால் இந்தப் பதிவிலும் டிரான்சிஸ்டரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட மூலம் ரேஞ்ச்மாஸ்டர். லண்டனைச் சேர்ந்த டல்லாஸ் நிறுவனம் 1960களின் நடுவில் விற்ற சின்னப் பெட்டி அது. காலால் மிதிக்கும் பெடல்கூட இல்லை, ஆம்பின் தலைமேல் உட்கார வைப்பதற்காகச் செய்தது. முன்னால் ஒரு குமிழும் ஒரு ஸ்லைடு சுவிட்சும் இருக்கும், ஆம்புக்குப் போகும் ஒயர் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வால்வு ஆம்புகளின் ஒலி கொஞ்சம் மங்கலாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல இருந்ததால் அதைத் தெளிவாக்கத்தான் இதை விற்றார்கள். வாங்கியவர்கள் கண்டுபிடித்தது வேறு: ஏற்கெனவே சத்தமாக வைத்திருக்கும் ஆம்பை இந்தப் பெட்டி இன்னும் தள்ளிவிட்டால் அது அழகாக உடைந்து பாட ஆரம்பித்தது. ரோரி கேலகர் இதை வாக்ஸ் ஏசி 30 ஆம்போடு வாசித்தார், டோனி அயோமி மாற்றியமைத்த ஒன்றை லேனி ஆம்புகளுக்கு முன்னால் வைத்தார், பிரையன் மே இன்றுவரை டிரெபிள் பூஸ்டரும் ஏசி 30-ம் சேர்ந்த ஒலியோடுதான் அறியப்படுகிறார். மூவரின் ஒலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. இத்தனை எளிய சர்க்யூட்டிலிருந்து இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது என்பதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

சர்க்யூட்டைச் சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என மூன்று கால்கள்; சிக்னல் பேஸில் நுழைந்து, பெரிதாகிக் கலெக்டரில் வெளிவரும். இது பிஎன்பி வகை, அதனால் பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்ட், மைனஸ் 9 வோல்ட்தான் சப்ளை. கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக பேஸுக்குப் போகிறது. பேஸிலிருந்து மைனஸ் 9-க்கு 470 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 68 கிலோ ஓம். எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 3.9 கிலோ ஓம், அதற்கு இணையாக 47 மைக்ரோ ஃபாரட். கலெக்டருக்கும் மைனஸ் 9-க்கும் நடுவே 10 கிலோ ஓம் குமிழ், அதன் நடுக்காலிலிருந்து 10 நானோ ஃபாரட் வழியாக வெளியே. பேட்டரிக்குக் குறுக்கே இன்னொரு 47 மைக்ரோ ஃபாரட். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் பிளஸ் கால் கிரவுண்ட் பக்கம் வர வேண்டும். வழக்கமான பெடல்களைக் கட்டிப் பழகிய கை இங்கேதான் தடுமாறும், கவனம்.

இதில் டிரெபிளை மட்டும் தூக்குவது எது என்று பார்த்தால் அந்த 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர்தான். டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் சுமார் 0.22 மில்லி ஆம்பியர், எச்எஃப்இ (பேஸ் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண், கெயின் என்றும் சொல்வார்கள்) 80 என்று வைத்துக்கொண்டால் உள்ளீட்டு மின்தடை 8 கிலோ ஓம் அளவுக்குத்தான் வருகிறது. இவ்வளவு தாழ்ந்த மின்தடைக்கு முன்னால் அத்தனை சின்ன கெப்பாசிட்டரை வைத்தால் சுமார் 4 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். சிக்னலின் வோல்ட்டை டிரான்சிஸ்டர் 80 மடங்குக்குப் பக்கம் பெருக்குவதால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டாரின் தடித்த கம்பி, அதாவது 82 ஹெர்ட்ஸ், வெறும் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் உயர்கிறது. 1 கிலோ ஹெர்ட்ஸில் 20 மடங்கு, 4 கிலோ ஹெர்ட்ஸில் 60 மடங்குக்குப் பக்கம். கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்கப்பின் சொந்த மின்தடையும் இண்டக்டன்ஸும் சேரும்போது மேல் பக்க எண்கள் கணிசமாகக் குறையும், ஆனால் வடிவம் இதுதான். கீழ்ச்சுருதி கிட்டத்தட்ட வந்தபடியே போகிறது, மேலே போகப் போக ஏறுகிறது. கீழ்ச்சுருதி அதிகமாகி ஆம்ப் குழம்பிப் போகாமல் நடுப்பகுதியும் மேல்பகுதியும் மட்டும் வால்வுகளை மோதுவதால்தான் கார்டு அடித்தால்கூட ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது.

இனி டிரான்சிஸ்டர். ரேஞ்ச்மாஸ்டரில் பெரும்பாலும் ஓசி 44 இருந்தது, சிலவற்றில் ஓசி 71. இரண்டும் 1950களின் வடிவமைப்பு, இப்போது யாரும் தயாரிப்பதில்லை, பழைய சரக்காகக் கிடைப்பதுதான். ஓசி 44 என்ற பெயருக்காக மட்டும் அதிக விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏசி 125, ஏசி 128, சோவியத் காலத்து எம்பி 39 முதல் எம்பி 42 வரையிலான வரிசை, ஜிடி 308 எனப் பல பிஎன்பி ஜெர்மானியங்கள் இந்த வேலையை நன்றாகச் செய்யும். நான் கலவையாக ஒரு கைப்பிடி வாங்கி அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தனியாக ஒன்று வாங்குவதென்றால் அளந்து, எண்களை எழுதித் தருபவரிடம்தான் வாங்குங்கள்.

ஏன் இந்த அளவெடுப்பு என்றால், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கசியும். பேஸில் ஒன்றும் கொடுக்காமல் விட்டாலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். சிலிக்கானில் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்தில் 0.67 மட்டுமே, அதனால் அறை வெப்பத்திலேயே எலக்ட்ரான்கள் தாண்டிவிடுகின்றன. ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று 50 மைக்ரோ ஆம்பியர் கசியும், அடுத்தது 500 கசியும். மல்டிமீட்டரில் எச்எஃப்இ அளக்கும் குழியில் இதைச் செருகினால் மீட்டருக்குக் கசிவும் கெயினும் வேறுவேறு என்று தெரியாது, இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். 150 என்று பெருமையாகக் காட்டுகிற டிரான்சிஸ்டரின் உண்மையான கெயின் 70 ஆக இருக்கலாம். மீட்டர் காட்டும் எண்ணை நம்பி வாங்கவோ விற்கவோ கூடாது.

சரியாக அளக்க, பெடல் சர்க்யூட்டுகளைப் பற்றி எழுதுகிற ஆர்.ஜி. கீன் பரப்பிய ஒரு முறை இருக்கிறது, பெடல் கட்டுபவர்கள் எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். பிரெட்போர்டில், அதாவது சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகையில், ஐந்து நிமிட வேலை. எமிட்டரை பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.47 கிலோ ஓம், இதற்கு 2.2 கிலோவும் 270 ஓமும் தொடராகப் போட்டால் போதும். பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 2.2 மெகா ஓம், ஆனால் அதை ஒரு சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். மல்டிமீட்டரை 2.47 கிலோ ஓமின் இரு முனைகளிலும் வைத்து, முதலில் சுவிட்ச் திறந்த நிலையில் படியுங்கள். அது கசிவு. பிறகு சுவிட்சை மூடுங்கள், பேஸில் சுமார் 4 மைக்ரோ ஆம்பியர் பாயும், இப்போது வருகிற வோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் கசிவும் சேர்ந்த கெயின். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பெருக்கினால் உண்மையான கெயின். நான் கடைசியில் தேர்ந்தெடுத்த டிரான்சிஸ்டரில் முதல் அளவு 0.30 வோல்ட், அதாவது 120 மைக்ரோ ஆம்பியர் கசிவு. இரண்டாவது 1.15 வோல்ட். ஆக உண்மைக் கெயின் 85. இந்தச் சர்க்யூட்டுக்கு 70 முதல் 120 வரை இருந்தால் நல்லது, கசிவு 200 மைக்ரோ ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி, 300-ஐத் தாண்டினால் ஒதுக்கி வைத்துவிடலாம்.

அளக்கும்போது அவசரம் கூடாது. டிரான்சிஸ்டரை விரலால் எடுத்துச் செருகியிருப்பீர்கள், அந்தச் சூடே போதும், அளவு மேலே போய்விட்டு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். நின்ற பிறகுதான் எழுத வேண்டும். வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி ஏறினால் கசிவு இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் எல்லாவற்றையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் அளப்பதும், தாளில் பக்கத்திலேயே அறையின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் நல்லது. நான் குறித்து வைத்தேன், பின்னால் இரண்டு தடவை அது கைகொடுத்தது.

இன்னொரு சோதனையும் அவசியம். பழைய உறையில் புதிதாக எண் அச்சிட்ட சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியம் என்ற பெயரில் சந்தையில் உலவுகின்றன. மல்டிமீட்டரை டையோடு அளக்கும் நிலையில் வைத்து பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே பாருங்கள். 0.6, 0.7 என்று வந்தால் சிலிக்கான். 0.1-க்கும் 0.3-க்கும் இடையில் வந்தால் ஜெர்மானியம். கசிவே இல்லாமல் சுத்தமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஓசி வகைக் கண்ணாடி டிரான்சிஸ்டர் கிடைத்தால் உடம்பில் இருக்கும் சிவப்புப் புள்ளி கலெக்டர் பக்கம், நடுக்கால் பேஸ். அதன் கருப்புப் பூச்சைச் சுரண்டாதீர்கள். உள்ளே இருப்பது வெளிச்சத்துக்கு எதிர்வினை காட்டும், அதே குடும்பத்தில் ஓசிபி 71 என்று ஒரு ஒளி உணரும் டிரான்சிஸ்டரையே விற்றிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த ஒன்று கையில் இருந்தால் கருப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு துண்டு மாட்டிவிடலாம், ஆனால் சூடு காட்டிச் சுருக்காமல் அப்படியே.

அளந்து முடித்ததும் நேராக போர்டில் சால்டர் செய்யாமல் பிரெட்போர்டில் முழு சர்க்யூட்டையும் அமைத்து ஆம்பில் கேட்டுப் பார்த்தேன். அளவில் நன்றாக இருக்கிற டிரான்சிஸ்டர் ஒலியில் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலவற்றில் பொரிவதுபோல ஒரு இரைச்சல் வரும், கெயின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றை எடுத்துவிட வேண்டியதுதான். பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் ஓய்வில் நிற்கும் மின்னழுத்தம், வைக்க 68 கிலோ ஓமுக்குப் பதிலாக 33 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 50 கிலோ ஓம் டிரிம்மர் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்னக் குமிழ்) ஒன்றைத் தொடராகப் போட்டேன், ஆக 33-லிருந்து 83 வரை நகர்த்தலாம். கசிவு அதிகமான டிரான்சிஸ்டருக்கு இந்த மதிப்பு குறைய வேண்டும், கெயின் குறைவானதற்குக் கூட வேண்டும். மீட்டரைக் கிரவுண்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே வைத்து மைனஸ் 7 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். எல்லோரும் சொல்கிற எண் இதுதான்.

இந்த 7 எங்கிருந்து வருகிறது? நடுவில், அதாவது 4.5-ல் வைத்தால் சிக்னல் இருபக்கமும் சமமாக ஆட இடம் இருக்கும், ஆனால் டிரெபிள் பூஸ்டரின் குணம் வராது. 7-ல் வைத்தால் ஒரு பக்கம் 9 வரை 2 வோல்ட்தான் இடம், அதற்கு மேல் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். மறுபக்கம் 1 வோல்ட் வரை இறங்க 6 வோல்ட்டுக்குப் பக்கம் இடம் இருக்கிறது. ஆக கொஞ்சம் பலமாக அடித்தாலே அலையின் ஒரு பக்கம் மட்டும் நசுங்குகிறது, மறுபக்கம் முழுசாக நிற்கிறது. இப்படி ஒருபக்கமாக நசுங்கும்போது இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கூடும், வால்வு ஆம்பின் முதல் கட்டம் உடைவதும் ஏறக்குறைய இப்படித்தான், அதனால்தான் இரண்டும் அவ்வளவு இயல்பாகக் கலக்கின்றன. டிரிம்மரை 6.5-லிருந்து 7.5 வரை மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள். 7.5 பக்கம் போனால் ஒலி மெலிந்து, மென்மையாக அடிக்கிற சுரங்கள் சீக்கிரம் அறுந்துபோகின்றன. 6.5 பக்கம் தடிமனாகிறது. என் டிரான்சிஸ்டர் 6.9-ல் நன்றாகப் பாடியது, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

வெப்பம் எவ்வளவு பாதிக்கும் என்று தெரிந்துகொள்ள டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். கால் வோல்ட் அளவுக்கு இறங்கியது, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. ஃபஸ் ஃபேஸ் மாதிரியான ஜெர்மானியம் ஃபஸ்ஸை (ஒலியைக் கரடுமுரடாக உடைக்கும் பெடலை) இப்படிச் சூடாக்கினால் ஒலியே மாறிவிடும், ஏனென்றால் அதில் முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் நேராகக் கிரவுண்டில் இருக்கிறது. இங்கே எமிட்டரில் 3.9 கிலோ ஓம் இருப்பதால் மின்னோட்டம் கூட முயலும்போது அதுவே இழுத்துப் பிடிக்கிறது. கடுமையான வெயிலில் திறந்தவெளி மேடையில் வாசித்தால் அரை வோல்ட் வரை நகரலாம், பயன்படுத்த முடியாமல் போகாது. ஜெர்மானியத்தோடு பழக நினைப்பவர்கள் ஃபஸ்ஸுக்கு முன்னால் இதைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம்.

இதே அமைப்பில் டிரான்சிஸ்டர்களை மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டதில் தெளிவாகத் தெரிந்த ஒன்று, கெயின் ஒரே அளவாக இருந்தாலும் ஏசி 128-ம் ஓசி 44-ம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஓசி 44 வானொலிப் பெட்டிகளில் ரேடியோ அலைவரிசையைக் கையாள்வதற்காகச் செய்தது, கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே அதன் உள் கெப்பாசிட்டன்ஸ் குறைவு. ஏசி 128 ஸ்பீக்கரை ஓட்டுவதற்கான தடித்த ஆடியோ டிரான்சிஸ்டர், அதன் உள் கெப்பாசிட்டன்ஸ் அதிகம், அதுவும் கெயினால் பெருக்கப்பட்டு உச்ச டிரெபிளைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. பிரகாசமான சிங்கிள் காயில் பிக்கப்புக்கு ஏசி 128 இதமாக இருந்தது, இரட்டைக் காயில் ஹம்பக்கருக்கு ஓசி 44. வேகமான டிரான்சிஸ்டரில் சில இடங்களில் வானொலி நிலையமே கேட்க ஆரம்பிக்கும், அப்போது பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே ஒரு 47 பிக்கோ ஃபாரட் போட்டால் அடங்கும்.

ஒலியைப் பொறுத்தவரை மூலத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மாற்றினேன், உள்ளீட்டுக் கெப்பாசிட்டரை. நடுவில் நிற்கக்கூடிய மூன்று நிலை டாகிள் சுவிட்ச் வைத்து, நடு நிலையில் 4.7 மட்டும், ஒரு பக்கம் தள்ளினால் கூடவே இன்னொரு 4.7, மறுபக்கம் தள்ளினால் கூடவே 33 நானோ ஃபாரட். கடைசி நிலையில் வெட்டும் இடம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடுவதால் டிரெபிள் பூஸ்டர் என்பதைவிட நடுப்பகுதி பூஸ்டர் என்று சொல்லலாம், தனியாக வாசிக்கும்போது இதுதான் எனக்குப் பிடிக்கிறது. இசைக்குழுவோடு வாசிக்கும்போது மூலத்தின் 4.7-தான் எடுபடுகிறது. சுவிட்சின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 2.2 மெகா ஓம் ஒன்றைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மாற்றும்போதெல்லாம் டப் என்று சத்தம் வரும்.

போர்டு வேலை சுருக்கம்தான். செம்புப் பட்டைகளும் துளைகளும் உள்ள வெரோ போர்டில் ஒரு சின்னத் துண்டு போதும். டிரான்சிஸ்டரை நேராகச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வைத்து, எல்லா வேலையும் முடிந்து போர்டு ஆறிய பிறகு செருகினேன், ஜெர்மானியத்துக்குச் சால்டரிங் சூடு ஆகாது. நேராகவே வைக்க விரும்பினால் காலை நீளமாக விட்டு, உடம்புக்கும் சால்டர் முனைக்கும் நடுவே ஒரு குரோக்கடைல் கிளிப்பைக் கவ்வ விடுங்கள், சூட்டை அது வாங்கிக்கொள்ளும். உள்ளீட்டில் கெப்பாசிட்டருக்கு முன்னால் கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம், வெளியீட்டிலும் கெப்பாசிட்டருக்குப் பின்னால் ஒரு 1 மெகா ஓம். கால் சுவிட்சை மிதிக்கும்போது சத்தம் வராமலிருக்க இவை வேண்டும். ரெசிஸ்டர் எல்லாம் மெட்டல் ஃபிலிம், கெப்பாசிட்டர் பாலியஸ்டர். பழைய கார்பன் ரெசிஸ்டர் போட்டால்தான் பழைய ஒலி வரும் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் கேட்டது கூடுதல் இரைச்சல் மட்டும்தான்.

குமிழ் மட்டும் தரமானதாக வாங்குங்கள். இந்தச் சர்க்யூட்டில் அது வெறும் வால்யூம் இல்லை, கலெக்டரின் லோடே அதுதான், அதன் தடத்தில் டிசி மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் திருப்பும்போது லேசாகக் கரகரக்கும், இது இயல்பு. மலிவான குமிழில் இந்தக் கரகரப்பு நாளாக ஆகத் தாங்க முடியாததாகிவிடும்.

பெட்டிக்கு 1590பி அளவு அலுமினிய வார்ப்புப் பெட்டி, சென்டர் பஞ்ச் அடித்து 3 மில்லிமீட்டரில் தொடங்கி ஸ்டெப் டிரில்லால் விரித்தேன். கால் சுவிட்சுக்கு 12, ஜாக்குகளுக்கு 9.5, குமிழுக்கு 7 மில்லிமீட்டர். பேட்டரி உள்ளே உட்கார வேண்டும் என்பதால் துளை போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சப்ளை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான பெடல்களில் மைனஸ் கிரவுண்ட், இதில் பிளஸ் கிரவுண்ட். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால், பெடல்களை இணைக்கும் ஒயரின் ஷீல்டு இரண்டு கிரவுண்டுகளையும் சேர்த்துவிடும், அதாவது அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஷார்ட். பெட்டியும் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் உலோக உடம்புள்ள டிசி ஜாக் வைத்தாலும் இதே ஆபத்து. தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு உள்ள பவர் சப்ளை இருந்தால் பிளாஸ்டிக் ஜாக் வைத்துக் கொடுக்கலாம். 9 வோல்ட்டை மைனஸ் 9 ஆக்கித் தரும் சார்ஜ் பம்ப் ஐசி போடுவதும் வழக்கம்தான், ஆனால் இந்தச் சர்க்யூட்டில் குமிழின் ஒரு கால் நேராக மைனஸ் 9-ல் இருப்பதால் சப்ளையில் உள்ள எந்தச் சத்தமும் வடிகட்டாமல் வெளியீட்டில் வந்து விழும். சார்ஜ் பம்பின் கீச்சொலி எனக்கு அப்படித்தான் கேட்டது. ஆகவே பேட்டரி மட்டும் என்று முடிவு செய்தேன். சர்க்யூட் மொத்தமே கால் மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது, ஒரு ஆல்கலைன் பேட்டரி கணக்குப்படி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும். எல்இடி வைத்தால் அதுதான் பேட்டரியைச் சாப்பிடும், சர்க்யூட் இல்லை. அதிகப் பிரகாசமான எல்இடி ஒன்றை 22 கிலோ ஓம் வழியாகக் கொடுத்தால் 0.3 மில்லி ஆம்பியரிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இதிலும் திசை மாறும்: நீளமான கால் கிரவுண்டுக்கு, குட்டைக்கால் ரெசிஸ்டர் வழியாக மைனஸுக்கு. உள்ளீட்டில் ஸ்டீரியோ ஜாக் வைத்து அதன் நடு வளையத்தில் பேட்டரியின் பிளஸ் ஒயரைக் கொடுங்கள், கிட்டார் ஒயரைப் பிடுங்கினால் பேட்டரி தானாகத் துண்டிக்கப்படும்.

வாசித்துப் பார்த்ததில், சுத்தமாக வைத்த டிரான்சிஸ்டர் ஆம்பில் இதை மாட்டினால் ஏமாற்றம்தான். மெல்லிய, காதைக் குத்துகிற ஒலி. உடையும் விளிம்பில் நிறுத்திய வால்வு ஆம்பில் மாட்டும்போது அதே பெடல் வேறு ஒன்றாகிவிடுகிறது, சுரம் நீண்டு நிற்கிறது, பிக் பிடிக்கும் விதத்தை மாற்றினால் ஒலியும் கூடவே மாறுகிறது. ஆம்பின் டிரெபிளைக் குறைத்துக்கொண்டு, கழுத்துப் பக்கப் பிக்கப்பில் வாசித்துப் பாருங்கள், அந்தப் பிக்கப்பில் இவ்வளவு தெளிவு இருந்ததா என்று தோன்றும். கிட்டாரின் வால்யூமை 7-க்கு இறக்கினால் உடைவு மறைந்து பளிச்சென்ற சுத்தமான ஒலி வருகிறது. பெடலின் தாழ்ந்த உள்ளீட்டு மின்தடை பிக்கப்பையே சுமையாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் கிட்டார் குமிழ் இங்கே வால்யூமை மட்டும் மாற்றுவதில்லை, ஒலியின் நிறத்தையும் சேர்த்து மாற்றுகிறது. சிலிக்கான் வைத்தும் இதே சர்க்யூட்டைக் கட்டலாம், இரைச்சல் குறைவு, வெப்பத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் வால்யூமை இறக்கும்போது ஜெர்மானியத்தில் வருகிற அந்த இறக்கம் அவ்வளவு படிப்படியாக எனக்குச் சிலிக்கானில் வரவில்லை.

இதே காரணத்தால் கிட்டாருக்கு அடுத்து முதல் பெடலாக இதைத்தான் வைக்க வேண்டும். முன்னால் ஒரு பஃபர் (சிக்னலைத் தாழ்ந்த மின்தடையில் திருப்பித் தரும் சர்க்யூட்) உள்ள பெடலோ வயர்லெஸ் ரிசீவரோ இருந்தால் பிக்கப்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும், ஒலி கண்ணாடித் துண்டுபோல் கூர்மையாகிவிடும். வயர்லெஸ் தவிர்க்க முடியாது என்றால் பெடலின் உள்ளீட்டில் தொடராக ஒரு 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், கூர்மை ஓரளவு மழுங்கும். வால்வு ஆம்ப் இல்லாதவர்கள் இதற்குப் பின்னால், கெயினைக் குறைவாக வைத்த ஒரு ஓவர்டிரைவ் பெடலை ஆம்பின் இடத்தில் வைக்கலாம். ஓவர்டிரைவின் டோன் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, பூஸ்டரின் குமிழை முழுதாகத் திறந்து வாசிக்க ஆரம்பியுங்கள்.